ஆடி முடிச்சவங்க முகத்தை வரையறது எப்படி: சோகத்தையும் யோசனையையும் படத்துல கொண்டுவர புதுசா ஆரம்பிக்கிறவங்களுக்கு

நாட்டியம் ஆடுறவங்கள வரையணும், ஆனா முழங்காலை மடக்கி அரைமண்டி போட்டு முத்திரை புடிச்சுக்கிட்டு இருக்கிற மாதிரி வேணாம், எதையோ நெனச்சுக்கிட்டு மனசு கனத்துப்போய் உக்காந்திருக்கிற மாதிரி வேணும்னு கேக்குறவங்க கும்பகோணம், தஞ்சாவூர் பக்கம் நிறைய பேர் இருக்காங்க. பென்சில்ல முகம் ஓரளவு புடிபட்டிருக்கும், கலரும் பூசத் தெரிஞ்சிருக்கும், ஆனா முடிச்சுப் பாத்தா காலண்டர் படம் மாதிரி பெரிய கண்ணும் கன்னத்துல ஒரு சொட்டுக் கண்ணீருமா ஒரு அழகான பொண்ணு இருக்கும், சோகம் மட்டும் இருக்காது. அதை எப்படிக் கொண்டு வர்றதுன்னுதான் இதுல படிப்படியா எழுதுறேன். ஆயில், அக்ரிலிக் ரெண்டுல எது வெச்சிருந்தாலும் பரவால்ல.

முதல்ல ஒரு விஷயம் மனசுல பதியணும். நீங்க வரையப்போறவங்க சோகத்தைக் காட்டுறதுக்குன்னே வருஷக்கணக்கா பயிற்சி எடுத்தவங்க. எங்க தெருவுல நாட்டியம் கத்துக்குடுக்கிற பொண்ணு ஒண்ணு இருக்கு, உக்கார வெச்சு "கொஞ்சம் சோகமா இரும்மா"ன்னு சொன்னேன், "எந்தச் சோகம்ண்ணே, பதம் பாட்டுல வர்ற நாயகி காத்துக்கிட்டு இருக்காளே அந்தச் சோகமா, இல்ல புள்ளையப் பறிகுடுத்தவ சோகமா"ன்னு கேட்டுட்டு ரெண்டையும் அடுத்தடுத்து செஞ்சு காட்டிடுச்சு, ரெண்டுமே அப்படியே உலுக்குற மாதிரி இருந்துச்சு. ஆனா செஞ்சு முடிச்சதும் கையை மடியில போட்டுக்கிட்டு "போதுமாண்ணே"ன்னு வாசப்பக்கம் பாத்துச்சு பாருங்க, நான் பென்சில எடுத்தது அப்பதான். அபிநயத்துல, அதாவது முகத்தாலயும் கையாலயும் நடிச்சுக் காட்டுறதுல, இருக்கிறது கதாநாயகியோட சோகம். அபிநயத்தை எறக்கி வெச்சப்புறம் முகத்துல மிச்சம் இருக்கே, அது அவங்களோடது. இந்தக் கட்டுரை முழுக்க அந்த மிச்சத்தைப் புடிக்கிறது பத்திதான், அதனால "சோகமா இருங்க"ன்னு மட்டும் யார்கிட்டயும் சொல்லாதீங்க.

1. எந்தச் சோகம்னு முடிவு பண்ணுங்க

சும்மா சோகம்னு ஆரம்பிச்சா படம் எங்கயும் போய்ச் சேராது. நம்மகிட்ட இதுக்கு ரொம்பப் பழைய வழி ஒண்ணு இருக்கு. தொல்காப்பியத்துல மெய்ப்பாட்டியல்ல அழுகைக்கு நாலு காரணம் சொல்லியிருக்கு, இளிவு, இழவு, அசைவு, வறுமை. யாராவது கேவலப்படுத்தினதால வர்றது இளிவு, உயிரையோ பொருளையோ பறிகுடுத்ததுல வர்றது இழவு, முன்ன இருந்த நெலமை கெட்டுத் தளர்ந்து போனது அசைவு, இல்லாமை வறுமை. இது ஏதோ இலக்கியப் பாடம்னு தள்ளிடாதீங்க, வரையறவங்களுக்கு இதைவிட உபயோகமான பட்டியல் எனக்குத் தெரிஞ்சு இல்ல, ஏன்னா நாலுக்கும் உடம்பு வேற வேற மாதிரி நிக்கும். இளிவுன்னா கழுத்து விறைச்சு முகம் அந்தப் பக்கம் திரும்பிடும். இழவுன்னா உடம்பு வயித்துகிட்ட மடிஞ்சு முன்னால சாயும். வறுமையை முகத்துல தேடக் கூடாது, பக்கத்துல இருக்கிற பொருள்ல இருக்கும், கல்லு உதிர்ந்துபோன நெத்திச்சுட்டி, ஓரத்துல வேற நூல்ல தைச்ச பட்டு.

நாட்டியம் ஆடுறவங்களுக்கு நான் எப்பவும் அசைவைத்தான் எடுக்கச் சொல்லுவேன். காரணம் அவங்க முதுகு. சின்ன வயசுலேர்ந்து நிமிர்ந்தே பழகின முதுகு, எவ்ளோ அசதி, எவ்ளோ மனக்கஷ்டம் இருந்தாலும் சட்டுனு வளையாது. முதுகு நிமிர்ந்து இருக்கும், தோள் மட்டும் எறங்கியிருக்கும், தலை கொஞ்சம் கவிழ்ந்திருக்கும். மத்தவங்க சோகமா உக்காந்தா கூன் விழுந்து உக்காருவாங்க, இவங்க அப்படி இல்ல, இந்த வித்தியாசம் ஒண்ணு படத்துல வந்துட்டாலே நகை, சலங்கை எதுவும் இல்லாம இது நாட்டியம் ஆடுறவங்கன்னு பாக்குறவங்களுக்குப் புரிஞ்சிடும்.

2. யாரை வரையறீங்க, எப்படிக் கேக்குறது

நம்ம பகுதியில இது சாதாரண விஷயம் இல்ல. ராஜராஜன் 1010ல கட்டி முடிச்ச பெரிய கோயில் கல்வெட்டுல கோயில்ல ஆடிப்பாடுன 400 தளிச்சேரிப் பெண்டுகளோட பேரை அவங்கவங்க ஊரோட சேத்து வெட்டி வெச்சிருக்கு. மராட்டிய ராஜா சரபோஜி காலத்துல தஞ்சை நால்வர்ங்கற அண்ணன் தம்பிங்க நாலு பேரு இங்கதான் இன்னிக்கு எல்லாரும் ஆடுற மார்க்கத்தை, அதாவது எதுக்கப்புறம் எது ஆடணும்ங்கற வரிசையை, ஒழுங்கு பண்ணாங்க. பந்தநல்லூரு, வழுவூருன்னு நாட்டியத்துல சொல்ற பாணிப் பேரெல்லாம் பஸ்ஸு ஏறினா போயிடக்கூடிய ஊருங்க. அந்த மரபுல வந்த குடும்பங்கள ஊரே தலையில தூக்கி வெச்சுக் கொண்டாடின காலமும் உண்டு, அதே ஊரு தள்ளி வெச்ச காலமும் உண்டு, 1947ல பொண்ணுங்கள கோயிலுக்குன்னு பொட்டுக்கட்டி விடுறதைத் தடை பண்ணி சட்டம் வந்துச்சு, அது வர வேண்டிய சட்டம்தான், ஆனா ஆட்டத்தையே உசுரா நெனச்ச பொம்பளைங்க பலபேரு ஆடுற எடம் இல்லாம வீட்டோட அடங்கிட்டாங்க, நாட்டியம் மெட்ராஸ் சபாக்களுக்குப் போயிடுச்சு. அதனால வயசான ஒருத்தங்கள உக்கார வெச்சு வரையறதா இருந்தா அவங்கள பரிதாபத்துக்கு உரியவங்களா காட்டிடாதீங்க. அவங்க கலைஞருங்க. முதல் தடவை போறப்ப நோட்டு, கேமரா எதுவும் எடுக்காம போங்க, பாட்டி, அம்மான்னு வாய் நிறைய கூப்பிட்டு அவங்க சொல்றதைக் கேளுங்க, படம் அடுத்த தடவை பாத்துக்கலாம்.

சின்னப் பொண்ணா இருந்தா அப்பா அம்மாகிட்டயும் குருகிட்டயும் கேட்டுட்டுதான் எதுவும். படத்தை ஃபேஸ்புக்லயோ இன்ஸ்டாலயோ போடப்போறீங்கன்னா அதையும் முன்னாடியே சொல்லணும்.

நேரம் ரொம்ப முக்கியம். அரங்கேற்றத்துக்கு முன்னால போனா படபடப்புதான் இருக்கும், யோசனை இருக்காது. ஆடி முடிச்சு, கைதட்டு முடிஞ்சு, வந்தவங்க செல்ஃபி எடுத்துட்டுப் போனப்புறம் நகையைக் கழட்ட ஆரம்பிக்கிற நேரம் இருக்கு பாருங்க, அதுதான் உங்க நேரம். மகாசிவராத்திரியை ஒட்டி நம்ம பக்கத்துக் கோயில்கள்ல நாட்டியாஞ்சலி நடக்குது, சிதம்பரத்துல 1981லேர்ந்து நடந்துட்டு வருது, அங்க எல்லாம் மேடைக்குப் பின்னால அனுமதி கேட்டு ஒரு ஓரமா உக்காந்து பால்பாயிண்ட் பேனாவுல குட்டி குட்டியா கிறுக்கிக்கிட்டே இருங்க. முகச் சாயல் வரணும்னு இல்ல, தோள் எப்படி எறங்குது, தலை எந்தப் பக்கம் சாயுதுன்னு மட்டும் பாத்தா போதும்.

சலங்கை பத்தி ஒரு வார்த்தை. அதைத் தொட்டுக் கண்ணுல ஒத்திக்கிட்டுத்தான் கட்டுவாங்க, அவுத்தப்புறமும் மரியாதையாதான் வெப்பாங்க. படத்துக்கு நல்லா இருக்கும்னு "அதை அப்படித் தரையில போடுங்க, காலடியில வெய்யுங்க"ன்னு சொல்லிடாதீங்க. அவங்க எங்க வெக்கிறாங்களோ அங்க இருக்கட்டும். அதுக்குப் பதிலா கணுக்காலைப் பாருங்க, சலங்கை கட்டியிருந்த எடத்துல பட்டை அழுந்தின தடம் வரிவரியா கொஞ்ச நேரம் இருக்கும். உக்காந்திருக்கிற முழு உருவமா வரையறவங்க அந்தத் தடத்தை லேசா போட்டீங்கன்னா சலங்கையே வரைய வேணாம்.

3. எப்படி உக்கார வெக்கிறது

கன்னத்துல கை வெச்ச போஸ் எல்லாருக்கும் முதல்ல தோணும். "கப்பல் கவிழ்ந்தாலும் கன்னத்தில் கை வைக்காதே"ன்னு நம்ம ஊர்ல சொல்றதுக்கே அது சோகத்துக்கு அடையாளமா ஆயிட்டதுதான் காரணம், ஜெர்மனியில ட்யூரர்ங்கற ஓவியர் 1514ல செதுக்கின மெலன்கோலியா படத்துலயும் அந்த உருவம் தலையைக் கையிலதான் தாங்கியிருக்கும். பழக்கப்பட்ட போஸ்ங்கறதாலயே புதுசா வரையறவங்க அதை விட்டுடறது நல்லது, கை கன்னத்துல இருந்தா பாக்குறவங்க "சரி, சோகம்"னு ஒரு நொடியில படிச்சுட்டு நகந்துடுவாங்க.

கையை மடியில விடச் சொல்லுங்க. உள்ளங்கை மேல பாத்து இருந்தா களைப்பு தெரியும், கீழ பாத்து இருந்தா மனசை மூடிக்கிட்ட மாதிரி தெரியும். விரல் நுனியில பூசின சிவப்பு ஆடி முடிச்சப்ப அங்கங்க தேஞ்சு போயிருக்கும், அதை அழகா முழுசா ரொப்பிடாதீங்க, தேஞ்சது தேஞ்சாப்லயே இருக்கட்டும். சிலருக்குப் பழக்கத்துல சும்மா இருக்கறப்பகூட கட்டை வெரலு உள்ள மடங்கி மத்த நாலும் சேந்திருக்கும், பதாகம்ங்கற முத்திரையைப் புடிச்சுப் புடிச்சு வந்த பழக்கம் அது, அப்படி இருந்தா சாமி புண்ணியம்னு அப்படியே போடுங்க.

வெளிநாட்டு ஓவியர்கள்ல ரெண்டு பேரைப் பாக்கச் சொல்லுவேன். தெகா ஆயுசு முழுக்க பாலே ஆடுற பொண்ணுங்கள வரைஞ்சவரு, அதுல பாதிக்குப் பாதி ஆடாத நேரம்தான், கொட்டாவி விடுறது, காலைத் தேய்ச்சுக்கிறது, முறை வர்ற வரைக்கும் காத்துக்கிட்டு இருக்கிறது. துலூஸ் லோத்ரெக் 1892ல ஜேன் அவ்ரில்னு ஒரு நடனக்காரம்மா பாரிஸ்ல மூலான் ரூஜ்ங்கற ஆட்ட அரங்குலேர்ந்து கெளம்பிப் போற மாதிரி வரைஞ்சாரு, மேடையில துள்ளித் துள்ளி ஆடி பேர் வாங்கினவங்க, படத்துல கோட்டும் தொப்பியுமா தன்னந்தனியா போறாங்க. ஆட்டம்னு ஒரு துளி இல்ல. ஆனா இப்பதான் ஆடி முடிச்சவங்கன்னு தெரியுது. போனுல பெருசாக்கிப் பாத்து அந்தத் தோளை மட்டும் நாலு தடவை பென்சில்ல போட்டுப் பழகுங்க.

4. வெளிச்சம்

ட்யூப்லைட்டை அணைச்சுடுங்க. ரிங் லைட்டு வேணவே வேணாம், முகத்துல இருக்கிற பள்ளமெல்லாம் மறைஞ்சு போய் சப்பட்டையாயிடும். ஒரே ஒரு ஜன்னல், அதுவும் வடக்கு பாத்த ஜன்னலா இருந்தா வெயில் அவ்வளவா நேரா விழாது, ரொம்ப நேரத்துக்கு வெளிச்சம் மாறாம இருக்கும்.

நம்ம பக்கத்து பழைய வீட்டுல நடுமுற்றம் இருந்தா அதைவிட நல்ல ஸ்டூடியோ வேற எதுவும் இல்ல. முற்றத்து ஓரத்துல, தூணுக்குக் கொஞ்சம் உள்ள தள்ளி உக்கார வெச்சீங்கன்னா வெளிச்சம் மேலேர்ந்து ஒருபக்கமா எறங்கும், நெத்தியும் மூக்குத்தண்டும் மேல்கன்னமும் துலங்கும், கண்ணுக்குழி பாதி நிழல்ல போயிடும். கண்ணு நிழல்ல இருந்தா பாக்குறவங்க தானா உத்துப் பாப்பாங்க, இவங்க என்ன நெனக்கிறாங்கன்னு தேடுவாங்க. பாதி வேலை அங்கயே முடிஞ்சுது. சாயங்காலம் நாலு மணிக்கு மேல நல்லா இருக்கும், மார்கழி, தை மாசத்துல காலையில பனி மூட்டத்தோட வர்ற வெளிச்சமும் அருமையா இருக்கும்.

போட்டோ எடுத்து வெச்சு வரையறதா இருந்தா கிட்டப் போய் எடுக்காதீங்க, போனு லென்ஸ் மூக்கைப் பெருசாக்கி காதை உள்ள தள்ளிடும். ஆறேழு அடி தள்ளி நின்னு ரெண்டு மடங்கு ஜூம்ல எடுங்க. பியூட்டி ஃபில்டர் ஆன்ல இருக்கான்னு பாத்து ஆஃப் பண்ணுங்க, பல போன்ல அது சொல்லாமக் கொள்ளாம ஆன்லதான் இருக்கு.

5. குட்டிப் படம் போட்டு இருட்டையும் வெளிச்சத்தையும் பிரிக்கிறது

நேரா கேன்வாஸுக்குப் போகாதீங்க. தீப்பெட்டி சைசுல நாலஞ்சு கட்டம் போட்டு அதுல கறுப்பு, நடு சாம்பல், வெள்ளை மூணே மூணு மட்டும் வெச்சு முழுப் படத்தையும் போட்டுப் பாருங்க. கண்ணைப் பாதி மூடிப் பாத்தா நுணுக்கமெல்லாம் கரைஞ்சு இந்த மூணு மட்டும்தான் தெரியும். இந்த மாதிரி படத்துக்குப் பாதிக்கு மேல இருட்டா இருக்கட்டும், வெளிச்சம் முகத்துலயும் கையிலயும் மட்டும் விழட்டும், அந்த ரெண்டு வெளிச்சத்துக்கும் நடுவுல இருட்டான பட்டு இருக்கட்டும். பாக்குறவங்க கண்ணு முகத்துலேர்ந்து கைக்கு எறங்கும், திரும்ப முகத்துக்கு ஏறும்.

முதல் படத்துக்கு 12க்கு 16 இஞ்ச் கேன்வாஸ் போர்டு போதும், நெட்டுவாக்குல. தலையை நட்டநடுவுல வெக்காதீங்க. அவங்க எந்தப் பக்கம் பாக்குறாங்களோ அந்தப் பக்கம் எடம் விட்டா எதையோ எதிர்பார்க்கிற மாதிரி இருக்கும், முதுகுப் பக்கம் எடம் விட்டா நடந்து முடிஞ்சதை நெனக்கிற மாதிரி இருக்கும். எனக்குப் புடிச்சது ரெண்டாவது.

6. முகம் வரையறது

இங்கதான் நிதானமா போகணும்.

தலை கவிழ்ந்தா அளவெல்லாம் மாறிடும். நேரா பாக்குற முகத்துல கண்ணுக்கோடு தலையோட உயரத்துக்குச் சரிபாதியில இருக்கும், காது புருவத்துலேர்ந்து மூக்கு நுனி வரைக்கும் இருக்கும். தலையைக் கவுத்தா உச்சந்தலை நிறைய தெரியும், காது மேல ஏறிடும், மூக்கு நுனி உதட்டுகிட்ட வந்துடும், மோவாய் சின்னதாயிடும். தலை கவிழ்ந்திருக்கு, காது மட்டும் பழைய எடத்துலயே இருக்குன்னா கழுத்து ஒடைஞ்ச மாதிரி தெரியும். வகிடுக் கோட்டை முதல்ல போடுங்க, நம்ம நாட்டிய அலங்காரத்துல வகிடு, நெத்திச்சுட்டி, பொட்டு எல்லாம் ஒரே நேர்கோட்டுல வர்றது பெரிய வசதி, அந்தக் கோடு எப்படிச் சாயுதோ அதோட மூக்கும் உதடும் மோவாயும் சாயணும்.

புருவத்துல உள்பக்க முனை, மூக்குகிட்ட இருக்கிறது, அது லேசா மேல ஏறும். ரொம்ப லேசா. டார்வின் 1872ல முகபாவங்கள பத்தி எழுதுனப்ப இந்தத் தசைகளுக்குத் துக்கத் தசைன்னே பேர் வெச்சாரு, சாதாரண ஆளுங்களால வேணும்னு அசைக்கிறது கஷ்டம், அபிநயம் பழகினவங்க அதைச் சர்வசாதாரணமா தூக்குவாங்க. அதனாலதான் நீங்க கவனமா இருக்கணும், மேடையில அது நல்லா ஏறியிருக்கும், எறக்கி வெச்சப்புறம் மிச்சம் கொஞ்சம்தான் இருக்கும், ரெண்டு பக்கமும் ஒரே அளவா இருக்காது. ஒரு பக்கம் கூட, ஒரு பக்கம் கம்மியா போடுங்க.

கண்ணு. மேல் இமை கருவிழியோட மேல்பகுதியை நல்லா மூடணும். கருவிழி முழு வட்டமா தெரிஞ்சா பயந்த முகமாயிடும். எதையாவது யோசிக்கிறப்ப நம்ம பார்வை பக்கத்துல இருக்கிற பொருள்ல நிலைக்காது, தூரத்துல எங்கயோ போயிடும், அப்ப ரெண்டு கருவிழியும் ஒண்ணுக்கொண்ணு இணையா நிக்கும், பக்கத்துல பாக்குறப்ப மாதிரி உள்பக்கமா சேராது. வரையறப்ப இது ஒரு மில்லிமீட்டர் வித்தியாசம்தான், ஆனா அந்த ஒரு மில்லிமீட்டர்லதான் "என்னைப் பாக்குறாங்க"ங்கறதும் "என்னைத் தாண்டி எதையோ பாக்குறாங்க"ங்கறதும் இருக்கு. கண்ணுல வெக்கிற வெள்ளைப் புள்ளி ரெண்டு கண்ணுலயும் பளிச்சுனு வேணாம், நிழல் பக்கத்துக் கண்ணுல சாம்பலா மங்கலா வெச்சா போதும்.

கண்மை கரைஞ்சிருக்கும், வெளி ஓரத்துல வேர்வையில லேசா இழுபட்டிருக்கும். நாட்டியத்துக்கு இழுக்கிற அந்த நீளமான வால் கோடு முழுசா அப்படியே இருந்தா அவங்க இன்னும் மேடையிலதான் இருக்காங்கன்னு அர்த்தம்.

வாய் ஓரத்தைக் கீழ வளைக்காதீங்க. வளைச்சா கோவிச்சுக்கிட்ட முகம் வந்துடும், சின்னப் புள்ளைங்க மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிற மாதிரி. உதடு ரெண்டும் சேந்தும் சேராம தளர்ந்து இருக்கட்டும், கீழ் உதட்டுக்கு அடியில இருக்கிற நிழலைக் கொஞ்சம் அழுத்தமா போடுங்க, போதும். கண்ணீர் வேணாம். கண்ணீர் போட்டா படம் பாக்குறவங்க அழ வேண்டிய வேலையை நீங்களே செஞ்சிடறீங்க.

7. கலர்

ஆறு ட்யூப் போதும்: பர்ன்ட் சியன்னா, ரா அம்பர், எல்லோ ஓக்கர், அலிசரின் கிரிம்சன், அல்ட்ராமரைன் ப்ளூ, டைட்டானியம் ஒயிட். "ஸ்கின் கலர்"னு எழுதின ட்யூபை எடுக்காதீங்க, அது நம்ம யார் தோலும் இல்ல.

நம்ம மாநிறத்துக்கு அடிப்படை பர்ன்ட் சியன்னாவும் ஓக்கரும், கூட ஒரு துளி அல்ட்ராமரைன். வெளிச்சமான எடத்துக்கு எடுத்த எடுப்புல வெள்ளையைக் கலந்தா தோல் சாம்பல் பூத்துப்போயிடும், முதல்ல ஓக்கரைக் கூட்டுங்க, பத்தலன்னா மட்டும் வெள்ளை. நிழலுக்குக் கறுப்பு வேணாம், பர்ன்ட் சியன்னாவும் அல்ட்ராமரைனும் சேந்தா நல்ல ஆழமான இருட்டு வரும், அதுல ஒரு துளி கிரிம்சன் சேத்தா உயிரோட இருக்கும். காது மடல், மூக்குத் துவாரம், விரலுக்கு நடு இடுக்கு இங்கெல்லாம் சிவப்பு கூட. நெத்தியிலயும் மூக்குத்தண்டுலயும் ஜன்னல் வெளிச்சம் பட்டு மினுக்குற எடத்துல மட்டும் வெள்ளையில கொஞ்சம் நீலம், கறுத்த தோல்ல ஆகாசம் தெரியுறது அந்த எடத்துலதான்.

ஆடி முடிச்சவங்க முகத்துல ரெண்டு தோல் இருக்கும், இதை நிறைய பேர் கவனிக்கிறதே இல்ல. பேன்கேக் மேக்கப் போட்ட எடம் மினுப்பு இல்லாம வெளிறின ஓக்கரா இருக்கும், மயிர்க்கால் ஓரத்துலயும் காதுக்கு முன்னாலயும் மோவாய்க்கு அடியிலயும் வேர்வை வழிஞ்சு அது கலைஞ்சு சொந்த நெறம் பளபளன்னு எட்டிப்பாக்கும். இந்த எல்லைக்கோடு தெரிஞ்சும் தெரியாம வரணும். முகம் முழுக்க ஒரே கலரா பூசறதைவிட இந்த ஒரு ஓரத்துக்கு அரை நாள் செலவு பண்ணலாம், நியாயமான செலவு. அபிநயத்தை எறக்கி வெச்ச முகம்னு சொன்னேனே, அது கலர்ல எப்படி இருக்கும்னு கேட்டா இப்படித்தான் இருக்கும்.

நகைக்கு வர்றேன். தஞ்சாவூர் படம் பழகினவங்களுக்குத் தங்க ரேக்கை எடுக்கக் கை பரபரக்கும். அந்தப் படம் சாமிக்குப் பண்றது, சுக்கான்மாவுல மேடு கட்டி ரேக்கு ஒட்டி எந்தப் பக்கத்துலேர்ந்து பாத்தாலும் ஜொலிக்கணும்னு பண்றது, முகத்துல நிழலுக்கு அவ்வளவா வேலை கெடையாது, ரொம்ப ஒசந்த கலைதான், ஆனா இந்தப் படத்துல ரேக்கு ஒட்டினா கண்ணு முகத்துக்கே போகாது. மங்கின வெளிச்சத்துல தங்கம்னா பெரும்பாலும் பழுப்புதான். ரா அம்பர், ஓக்கர், ஒரே ஒரு எடத்துல கெட்டியா வெளிர் மஞ்சள் புள்ளி. கெம்புக் கல்லுக்குக் கிரிம்சனும் அம்பரும் சேந்த இருட்டுச் சிவப்பு. சூரியப்பிரபை, சந்திரப்பிரபை, மாட்டல், ஜிமிக்கின்னு எல்லாத்தையும் தெளிவா போடாதீங்க, வெளிச்சம் விழுற பக்கத்து ஜிமிக்கி ஒண்ணு துல்லியமா இருக்கட்டும், மத்ததெல்லாம் கரைஞ்சு போகட்டும். ஒரு காது நகையைக் கழட்டிட்டு இன்னொரு காதுல கழட்டாம இருக்கிற நேரம் கெடைச்சா விட்டுடாதீங்க.

பட்டுல மடிப்பு மடிப்பா வர்ற விசிறி உக்காந்தா ஒடுங்கிடும், மூணு கலர்ல பெரிய தூரிகையால இழுத்து விட்டுடுங்க. சிவப்போ பச்சையோ ரொம்பக் கத்தக் கூடாது, சிவப்புல கொஞ்சம் பச்சை கலந்தா அடங்கும்.

8. கண்ணாடி வேணும்னா

மேக்கப் கலைக்கிற கண்ணாடி முன்னால உக்கார வெச்சு முதுகும் கண்ணாடியில முகமுமா வரைய ஆசைப்படுறவங்களுக்கு மட்டும் இது. கண்ணாடியில தெரியுற முகத்தை நெசத் தலையோட அளவுக்கே போட்டுடுவாங்க, அது தப்பு. அவங்க கண்ணாடிக்கு ரெண்டடி முன்னால இருக்காங்க, நீங்க அவங்களுக்கு நாலடி பின்னால இருக்கீங்கன்னு வெச்சுக்குங்க, நெசத் தலை உங்களுக்கு நாலடியில இருக்கு, கண்ணாடி முகம் ஆறும் ரெண்டும் எட்டடியில இருக்கிற மாதிரி. அதனால கண்ணாடி முகம் பாதி அளவுதான் இருக்கும். கொஞ்சம் மங்கலாவும், பழைய கண்ணாடியா இருந்தா லேசா பச்சை ஓடியும் இருக்கும். கண்ணாடி வழியா அவங்க கண்ணு உங்க கண்ணைச் சந்திச்சா அவங்களும் உங்களப் பாக்குறாங்கன்னு அர்த்தம், யோசனை கலைஞ்சு போயிடும், பார்வையை மேசையில கழட்டி வெச்ச நகைப் பக்கம் எறக்கச் சொல்லுங்க.

9. பின்னணியும் ஓரமும்

கோபுரம், நடராஜர், காவேரியில சூரியன் மறையறது இதெல்லாம் வேணாம். அவங்க தஞ்சை மண்ணுக்காரங்கன்னு சொல்றதுக்கு அதெல்லாம் தேவையே இல்ல. சுண்ணாம்பு அடிச்ச சுவரு, மழைக்கு ஓதம் ஏறி அடியில பச்சையும் சாம்பலுமா கறை படிஞ்சிருக்குமே, அந்தச் சுவரு போதும், மாநிறத் தோலுக்குப் பின்னால அந்தச் சாம்பல் பச்சை அவ்ளோ நல்லா எடுக்கும்.

ஓரங்கள்ல நிழல் பக்கத்துத் தோளும் பின்ஜடையும் சுவரோட கலந்து போகட்டும், காஞ்ச தூரிகையால லேசா இழுத்து விடுங்க. வெளிச்சப் பக்கத்துக் கன்னத்து ஓரமும் விரல் நுனியும் மட்டும் கூர்மையா இருக்கட்டும். பெரிய கோயில் கருவறையைச் சுத்தின உள் சுற்றுல, நாயக்கர் கால ஓவியத்துக்கு அடியில இருந்த சோழர் கால ஓவியங்கள 1931ல எஸ்.கே. கோவிந்தசாமி கண்டுபிடிச்சாரு, அதுல ஆடுற பொண்ணுங்க உருவம் இருக்கு, படங்கள் இணையத்துல கெடைக்குது, தேடிப் பாருங்க. அந்தக் காவிக் கோடு எடுப்புல ஒரு அழுத்தம், நடுவுல மெலிஞ்சு, முடிவுல காணாமப் போகும். எந்த ஓரத்தை விடணும், எந்த ஓரத்தைப் புடிக்கணும்னு அதைப் பாத்துக் கத்துக்கலாம்.

10. காயவெக்கிறது, முடிக்கிறது

அக்ரிலிக்னா சித்திரை, வைகாசி வெயில்ல தட்டுலயே காஞ்சிடும், தட்டுல ஈரத்துணி விரிச்சு அது மேல பட்டர் பேப்பர் போட்டு அதுல கலந்துக்குங்க. ஆயிலா இருந்தா அடியில டர்பன்டைன் கூட, மேல போகப்போக லின்சீட் ஆயில் கூட, மாத்திப் பண்ணா பின்னால வெடிக்கும். ஐப்பசி கார்த்திகை அடைமழையில காய ரொம்ப நாளெடுக்கும், ஓதமடிக்கிற வெளிச்சுவத்துல சாச்சு வெச்சா பூஞ்சை புடிச்சுடும், உள்சுவத்துப் பக்கம் காத்து படுற மாதிரி வெய்யுங்க.

எப்ப நிறுத்தறதுன்னு கேப்பாங்க. கண்ணும் கையும் முடிஞ்சு, மத்ததுல "இன்னும் கொஞ்சம் பண்ணலாமே"ன்னு தோணுறப்பவே நிறுத்திடுங்க. ரெண்டு நாள் சுவத்துப் பக்கம் திருப்பி வெச்சுட்டு அப்புறமா பாருங்க, முதல்ல எது கண்ணுல குத்துதோ அதை மட்டும் அடக்குங்க, அது பெரும்பாலும் நகையாத்தான் இருக்கும்.

வார்னிஷ் அடிக்கிறதுக்கு முன்னாடி வரைஞ்சவங்ககிட்ட கொண்டுபோய்க் காட்டுங்க. "இது நான் இல்ல, இது நான் பண்ற நாயகி"ன்னு அவங்க சொன்னா வாக்குவாதம் பண்ணாதீங்க, எந்த எடம்னு மட்டும் கேளுங்க, அவங்க முகத்தோட ஒவ்வொரு தசையையும் தனித்தனியா தெரிஞ்சவங்க அவங்க, பெரும்பாலும் புருவத்தையோ வாய் ஓரத்தையோதான் காட்டுவாங்க, திருத்துறது அரை மணி நேர வேலை. ஆயிலுக்கு ஆறு மாசம் கழிச்சுத்தான் வார்னிஷ், அதுவும் மினுக்காத மேட் வார்னிஷா வாங்குங்க. பலகைக்குப் பின்னால அவங்க சம்மதிச்சா அவங்க பேரு, குரு பேரு, எந்த ஊரு, எந்த மாசம்னு பென்சில்ல எழுதி வெச்சிடுங்க.